ஓட்டுப் போடலைன்னா அபராதம்னு சட்டம் வந்தா, தோட்டத்து முகவரிக்காரங்க கதி என்ன?

லிந்தாங்_பையன்

வணக்கம். மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டுல எந்த ஒட்டுக்கடையில (சாலையோரச் சாப்பாட்டுக் கடையில) தேர்தல் பேச்சு கிளம்புனாலும் கடைசியில இங்கதான் வந்து நிக்குது: "ஓட்டுப் போடாதவனுக்கு அபராதம் போடு, தானா வருவான்." 2018 பொதுத் தேர்தல்ல 82.32 விழுக்காடு ஓட்டு விழுந்துச்சு. 2022 நவம்பர்ல 73.89. அதே வருசம் மார்ச்ல ஜொகூர் சட்டமன்றத் தேர்தல்ல 55 கூட எட்டல. ஆஸ்திரேலியா, சிங்கப்பூர்ல கட்டாயம்ங்கிறதால 90-ஐ ஒட்டியோ தாண்டியோ விழுதுன்னு சொல்றாங்க.

ரெண்டு விசயம் தெரியணும். அந்த நாடுகள்ல அபராதத்த எப்படி வசூல் பண்றாங்க? அப்புறம், தோட்டத்த விட்டு கிள்ளான், ஈப்போனு குடிபோன நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு மேல ஐசியில (அடையாள அட்டையில) பழைய தோட்ட முகவரியே இருக்கு. லயமே (தோட்டத்து வரிசை வீடுகளே) இடிச்சு செம்பனை போட்டாச்சு, ஆனா ஓட்டு மட்டும் இன்னும் இங்க. சட்டம் வந்தா முதல்ல மாட்டுறது இவங்கதான? கட்சி சண்டை வேணாம், வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முன்னாள்_கிராணி

தம்பி, முதலில் அந்த 82-ஐயும் 73-ஐயும் ஒப்பிடுவதை விடுங்கள். இரண்டும் ஒரே கணக்கு அல்ல. 2018 வரை 21 வயதானவர் தாமே போய்ப் பெயர் பதிய வேண்டும். பதியாமலே இருந்தவர்கள் மூன்று மில்லியனுக்கும் மேல். அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. பதிந்த 14.9 மில்லியனில் 12.3 மில்லியன் பேர் ஓட்டுப் போட்டார்கள், அதுதான் 82. பதியாதவர்களையும் சேர்த்து வகுத்தால் 70-க்குக் கீழே போய்விடும்.

2019 ஜூலை 16-ல் நாடாளுமன்றம் 211 ஓட்டில் அரசியலமைப்பைத் திருத்தியது. 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. 18 வயது, தானாகவே பதிவு. அதனால் 2022-ல் பட்டியல் 21.17 மில்லியனாக வீங்கியது. விழுக்காடு இறங்கியது உண்மை, ஆனால் ஓட்டுப் போட்ட தலைகளை எண்ணினால் 2018-ஐவிட மூன்று மில்லியன் அளவுக்கு அதிகம். "மக்கள் அக்கறை இழந்துவிட்டார்கள்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பதே இல்லை.

ஜொகூர் கதையும் வேறு. அந்தத் தேர்தல் 2022 மார்ச் 12. சிங்கப்பூர் தரைவழி எல்லை முழுதாகத் திறந்தது ஏப்ரல் 1. அங்கே வேலை செய்கிறவர்களில் பலரால் வந்து திரும்ப வழியில்லை. சோம்பேறித்தனம் என்று அதற்குப் பெயர் வைப்பது நியாயமில்லை.

இனி ஆஸ்திரேலியா. அங்கே 1924-ல் கட்டாயம் ஆக்கினார்கள். 1922 தேர்தலில் 60-ஐக்கூட எட்டாதது 1925-ல் 91-ஐத் தாண்டியது. அபராதம் 20 டாலர்தான். நடைமுறை இப்படி: ஓட்டுச் சாவடியில் பெயர் கோடு போட்ட பட்டியலை வைத்துக் கோடு விழாத பெயர்களைப் பிரிப்பார்கள். அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போகும். வாங்கியவர் "ஓட்டுப் போட்டேன்" என்று விவரம் எழுதலாம், தக்க காரணம் எழுதலாம், அல்லது 20 டாலர் கட்டலாம். எதுவும் செய்யாமல் இருந்தால்தான் நீதிமன்றம், அங்கே தொகை ஏறும்.

ஆனால் அபராதத்தால் மட்டும் 91 வரவில்லை. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு முன்பே பட்டியலில் பெயர் சேர்வதைக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். தேர்தல் சனிக்கிழமை. ஒருவர் தம் மாநிலத்தில் எந்தச் சாவடியிலும் நுழைந்து, தம் சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம். முன்கூட்டியே போடலாம், தபாலில் போடலாம், மருத்துவமனைக்கும் தொலைதூரக் குடியிருப்புக்கும் பெட்டியே வரும். நமக்கு ஒரே பள்ளிக்கூடம், அதில் ஒரே சாலுரான் (ஓட்டுப் போடும் அறை). தவறினால் போச்சு. கிள்ளானில் வேலை செய்யும் ஒருவருக்கு இங்கே வர ஒரு வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆஸ்திரேலிய அபராதத்தை மட்டும் இறக்குமதி செய்து ஆஸ்திரேலிய வசதியை விட்டுவிட்டு வந்தால், அது ஏழைக்குப் போடும் வரி.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 2022 கணக்குப்படி ஓட்டுப் போடாதவர்கள் சுமார் 5.5 மில்லியன். அத்தனை கடிதமும் ஐசி முகவரிக்குப் போகும். இடித்த லயத்துக்கு வரும் கடிதத்தை யார் வாங்குவது? வாங்காததால் பதில் இல்லை, பதில் இல்லாததால் நீதிமன்றம். ஆள் கிள்ளானில் ஷிப்டு வேலையில் இருப்பார், வாரண்டு தோட்டத்து முகவரியில் காத்துக் கிடக்கும்.

சாலுரான்_மூன்று

கிராணி அண்ணன் சொன்னதோட சிங்கப்பூரையும் சேர்த்துக்குங்க. பக்கத்து ஊர்னு எல்லாரும் அதத்தான் உதாரணம் காட்டுறாங்க.

அங்க 1959-லேர்ந்து கட்டாயம். ஆனா ஓட்டுப் போடலைன்னா யாரும் பிடிச்சுட்டுப் போறதில்ல. பட்டியல்லேர்ந்து பேர அடிச்சுருவாங்க. அவ்வளவுதான். திரும்ப சேரணும்னா தேர்தல் துறைக்கு மனு போடணும். வெளிநாட்டுல வேலை, படிப்பு, சீக்கு, பிரசவம் மாதிரி காரணம் இருந்தா காசு இல்ல. காரணம் இல்லன்னா 50 டாலர். சேராமலே விட்டா அடுத்த தேர்தல்ல ஓட்டும் இல்ல, வேட்பாளராவும் நிக்க முடியாது. ஓட்டு நாள் பொது விடுமுறை. தீவுக்குள்ள எந்த மூலைக்கும் பஸ், எம்ஆர்டி.

இத இங்க கொண்டு வந்தா என்ன ஆகும்னு யோசிங்க. பேர் போனவன் தானா மனு போட்டுத் திரும்ப வரணும். 2021-க்கு முன்னால நம்ம தோட்டத்து ஆளுங்க எங்க சிக்குனாங்களோ அதே இடம்! பாரம் எழுதத் தெரியாதவன், ஆபீஸ் ஏற கூச்சப்படுறவன், லீவு கிடைக்காதவன், இவங்கதான் வெளிய நிப்பாங்க. தானியங்கிப் பதிவு வாசல் வழியா அனுப்புன பிரச்சினைய இது கொல்லைப்புறமா உள்ள கூட்டிட்டு வருது. அதோட தானியங்கிப் பதிவு நம்ம அரசியலமைப்போட 119-ஆம் பிரிவுல உட்கார்ந்திருக்கு. சிங்கப்பூர் மாதிரி பேர அடிக்கணும்னா அதத் தொடணும், 222-ல 148 ஓட்டு வேணும்.

சிவப்பு ஐசி வச்சிருக்கிறவங்க இந்தப் பேச்சக் கேட்டு பயப்படத் தேவையில்ல. அது நிரந்தரவாசம் மட்டும், குடியுரிமை இல்ல. பட்டியல்லயே பேர் இருக்காது, அபராதமும் வராது. இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்த ஒருத்தருக்கு அது ஒரு ஆறுதலான்னு கேட்டா, அது தனி வழக்கு.

டீச்சரம்மா_ஜாலோங்

ரெண்டு பேரும் வசதி இல்லை வசதி இல்லை என்று சொல்லியே கட்டாய ஓட்டை ஓரம் கட்டிவிட்டீர்கள். நான் எதிர்ப்பக்கம்.

நம் தொகுதியில் நாம் சிறுபான்மை. மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. நம் பலமே, இரு பக்கமும் நெருக்கமாக நிற்கும்போது நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதுதான். தோட்டம் கலைந்து ஊர் ஊராகச் சிதறியவர்கள் வராமல் போனால் அந்தச் சாய்வின் எடை குறைகிறது. வேட்பாளரின் ஆட்கள் பட்டியலை வைத்துக்கொண்டு, எந்தப் பகுதியில் எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போடுகிறவர்கள். வராத பகுதிக்கு சாக்கடையும் வராது, தெருவிளக்கும் வராது. எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்றால், இந்தக் கழித்தல் கணக்கு அவர்களுக்கு உதவாது.

இன்னொன்று, அரிசி மூட்டை அரசியல். ஓட்டுக்குக் காசு என்று பொதுவாகச் சொல்கிறோம், அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மனத்தை மாற்றக் கொடுப்பது. மற்றது, ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவனை வீட்டிலிருந்து கிளப்பக் கொடுப்பது. சாப்பாடு, பெட்ரோல், "செலவுக்கு" என்று கையில் திணிக்கும் 50 வெள்ளி (ரிங்கிட்) பெரும்பாலும் இரண்டாவது வகை. கட்டாயம் வந்தால் அது தேவையே இல்லாமல் போகும். முதல் வகை போகாது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டுமே 1954 தேர்தல் குற்றச் சட்டத்தில் குற்றம்தான். விருந்து வைப்பது 8-ஆம் பிரிவு, லஞ்சம் 10. வாங்குகிறவருக்கும் பொருந்தும் என்பதைப் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பிரேசிலைப் பாருங்கள், அங்கே 18 முதல் 70 வயது வரைதான் கட்டாயம். 16, 17 வயதினருக்கும் 70 தாண்டியவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விருப்பம். அபராதம் சில்லறைக் காசு. ஆனால் காரணமும் சொல்லாமல் அபராதமும் கட்டாமல் இருந்தால் பாஸ்போர்ட் எடுக்க முடியாது. நம் ஊர்ப் பாட்டிகளை விட்டுவிட்டு இப்படி ஒரு சட்டம் எழுத முடியாதா என்ன?

முன்னாள்_கிராணி

டீச்சர், எடை குறைகிறது என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதே எடையை அபராதம் இல்லாமலே ஏற்ற ஒரு வழி இருக்கிறது, வசிக்கிற ஊரிலேயே ஓட்டு. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் இங்கே யாரை அடிக்கும்? சிங்கப்பூருக்குத் தினமும் போய் வருகிறவனைத்தான். 2022 பொதுத் தேர்தலில் அவனுக்குத் தபால் ஓட்டுகூடத் தரவில்லை, நேரில் வந்துதான் போட வேண்டியிருந்தது.

நெதர்லாந்து அரை நூற்றாண்டு கட்டாயமாக வைத்திருந்து 1970-ல் எடுத்துவிட்டது. அதையும் பார்க்க வேண்டும்.

மோட்டார்_மணியம்

வாதம் இருக்கட்டும். சட்டம் வருதோ இல்லையோ, முகவரி விசயத்த இப்பவே சரி பண்ணலாம். பாதிப் பேர் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்கிறதும் இங்கதான்.

ஐசியில முகவரி மாத்திட்டா ஓட்டும் தானா மாறிடும்னு நினைக்கிறாங்க. மாறாது. தானியங்கிங்கிறது முதல் தடவ பட்டியல்ல ஏத்துறதுக்கு மட்டும்தான். ஏற்கெனவே பட்டியல்ல இருக்கிறவர் தொகுதி மாறணும்னா தனியா மனு கொடுக்கணும். வரிசை இப்படி:

முதல்ல மைஎஸ்பிஆர் செமாக்ல (தேர்தல் ஆணையம், அதான் எஸ்பிஆர், பட்டியல் சரிபார்க்க வச்சிருக்கிற இணையப் பக்கம்) ஐசி நம்பர் போட்டுப் பாருங்க. எந்த நாடாளுமன்றம், எந்த சட்டமன்றம், எந்த ஓட்டு வட்டாரம்னு காட்டும். சுங்கை சிப்புட் நாடாளுமன்றத்துக்குள்ள லிந்தாங், ஜாலோங்னு ரெண்டு சட்டமன்றம், எதுல விழுதுன்னும் பாத்துக்குங்க.

அடுத்து ஜேபிஎன் (ஐசி கொடுக்கிற தேசியப் பதிவிலாகா). வீடு மாறுனா 30 நாளுக்குள்ள முகவரி மாத்தணும்னு ஏற்கெனவே விதி இருக்கு. யாரும் மதிக்கிறதில்ல, அது வேற. சேவா (வாடகை) வீடுன்னா வாடகை ஒப்பந்தமோ, தண்ணி லைட் பில்லோ கையில எடுத்துட்டுப் போங்க. வெறும் கையோட போயி திரும்பி வர்றவங்கதான் அதிகம்.

புது முகவரி ஐசியில ஏறுன பிறகு மைஎஸ்பிஆர் டஃப்தார்ல (எஸ்பிஆரோட பதிவு இணையப் பக்கம்) தொகுதி மாற்ற மனு. இணையம் வராதுன்னா மாநில எஸ்பிஆர் ஆபீஸ், நமக்கு ஈப்போ. மனுவுல போடுற முகவரியும் ஐசி முகவரியும் ஒத்துப் போகணும். "லோட் 12, லிந்தாங் ரோடு"ன்னு ஒண்ணுல, தாமான் (குடியிருப்புப் பகுதி) பேர் போட்டு இன்னொண்ணுல இருந்தா அங்கயே நிக்கும். கம்பத்து வீடு, தோட்டத்து ஓரத்துப் புறம்போக்கு வீடுன்னா கூடுதல் கவனம், ஏன்னா அதுக்கு ஒழுங்கான நம்பரே இருக்காது.

மனு ஏத்துக்கிட்டா மாசா மாசம் வெளியாகிற கூடுதல் பட்டியல்ல பேர் வரும். அத பார்வைக்கு வைப்பாங்க, ஆட்சேபம் வரலாம். அது முடிஞ்சு அரசாங்கப் பதிவுல ஏறுனாத்தான் கணக்கு. ஆக இன்னைக்குக் கொடுத்தா நாளைக்கு மாறாது. நாடாளுமன்றத்தக் கலைச்ச பிறகு ஓடுறது சுத்த வீண், கையில இருக்கிற கடைசிப் பட்டியல வச்சுத்தான் தேர்தல் நடக்கும்.

ஒரு சங்கதி: எல்லாரும் மாத்திட்டுப் போயிட்டா டீச்சரம்மா சொன்ன எடை இந்தத் தொகுதியில குறைஞ்சு கிள்ளான்ல ஏறும். அது நல்லதா கெட்டதா, நீங்களே பேசிக்குங்க.

லிந்தாங்_பையன்

ரொம்ப நன்றிண்ணே, டீச்சர். இன்னும் கொஞ்சம் கேக்குறேன். இங்கயே ஓட்டு வச்சிருக்கிறவங்களுக்கும் சிக்கல் இருக்கே. பேக்டரியில 12 மணி நேர ஷிப்டு. செம்பனை குலை வெட்டுறவங்களுக்கு டன் கணக்குல சம்பளம், வெட்டுன குலைய ஒரு நாளைக்குள்ள மில்லுக்கு அனுப்பியாகணும்னு மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) விட மாட்டாரு. இதுக்கு சட்டத்துல ஏதாவது இருக்கா? கட்சிக்காரங்க வேன் விட்டா ஏறலாமா?

முன்னாள்_கிராணி

இருக்கிறது. 1954 தேர்தல் குற்றச் சட்டம், 25-ஆம் பிரிவு. ஓட்டு நாளில் வேலை செய்யும் வாக்காளருக்கு முதலாளி ஓட்டுப் போட நியாயமான நேரம் விட வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, தண்டனையும் கூடாது. மறுத்தால் 5,000 ரிங்கிட் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை. கவனியுங்கள், வாக்காளர் தலையில் அபராதம் வைக்க வேண்டும் என்று பேசுகிறோம், முதலாளி தலையில் அது பல காலமாக இருக்கிறது. பயன்படுத்தத்தான் ஆளில்லை.

இதில் ஓட்டை என்னவென்றால் "நியாயமான நேரம்" எத்தனை மணி என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். சாவடி, சாலுரான் விவரம் செமாக்கில் வந்தவுடன் அதைப் படம் எடுத்து, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி வையுங்கள். சாவடி வழக்கமாகக் காலை 8 முதல் மாலை 6 வரை, எனவே இரவு ஷிப்டுக்காரர் முடித்துக்கொண்டு நேரே வரலாம். பகல் ஷிப்டுக்காரருக்குத்தான் எழுத்து வேண்டும். ஓட்டு நாளைப் பொது விடுமுறை என்று அறிவித்தால் கணக்கே மாறும், அது சம்பளத்தோடு கூடிய விடுமுறை. 2018 மே 9 புதன்கிழமை, கடைசியில் அப்படித்தான் அறிவித்தார்கள்.

வேன் விஷயம். வேட்பாளர் தரப்பு காசு கொடுத்து வண்டி பிடித்து ஆள் ஏற்றுவது அதே சட்டப்படி தகாத செலவு. ஓட்டுப் போடுகிறவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வண்டி பிடித்துக்கொண்டால் தவறில்லை. ஈப்போவிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து வரும்போது யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பிற்பாடு பேச்சு வராது.

டீச்சரம்மா_ஜாலோங்

பட்டியலில் கோடு போடுவது பற்றி முன்னால் வந்ததே, அதிலும் ஒரு சொல். முதல் மேசையில் ஐசியைப் பார்த்து பெயரையும் எண்ணையும் சத்தமாகப் படிப்பார்கள், கட்சிகளின் ஏஜெண்டுகள் தங்கள் தாளிலும் அடித்துக்கொள்வார்கள். அடுத்து இடக்கை ஆள்காட்டி விரலில் மை, அப்புறம் ஓட்டுச் சீட்டு. பேராக்கில் 2022-ல் இரண்டு சீட்டு, நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும். படிக்கும்போது பெயரைத் தப்பாக உச்சரித்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். மேல்வரி கீழ்வரியில் கோடு விழுந்தால் இன்றைக்கு அது சின்னப் பிழை. அபராதம் என்று வந்துவிட்டால், வந்து போட்டவருக்கும் கடிதம் வரும்.

கட்டாயத்தை ஆதரிக்கிறவள்தான் நான், ஆனால் இது கிராணி ஐயா சொன்ன கடிதப் பிரச்சினையைவிட லேசானது என்று சொல்ல மாட்டேன்.

லிந்தாங்_பையன்

கடைசியா ஒண்ணு. செத்துப் போனவங்க பேர் பட்டியல்ல இன்னும் இருக்கு, அவங்களுக்கும் அபராதம் வருமான்னு கடையில ஒருத்தர் சிரிச்சாரு. அதுக்கு என்ன பண்றது? வயசான பாட்டிமாருங்க வரிசையில நிக்க முடியலன்னாலும் சொல்லுங்க.

சாலுரான்_மூன்று

சிரிச்சாலும் கேள்வி சரிதான். பேர் நீங்குறது ஜேபிஎன் இறப்புப் பதிவ வச்சுத்தான். தோட்டத்துல வீட்டுலயே இறந்தா, போலீஸ்ல அனுமதி வாங்கி அடக்கம் பண்ணுனதோட குடும்பம் நின்னுடும். ஏழு நாளுக்குள்ள ஜேபிஎன்ல இறப்பப் பதியணும். பதியலைன்னா அவர் எஸ்பிஆர் கணக்குல இன்னும் உயிரோடதான். பழைய இறப்புன்னாலும் போய்த் தாமதப் பதிவு பண்ணலாம், வேலை கூடுதல், ஆனா நடக்கும். வீட்டுப் பெரியவங்க ஐசி நம்பர செமாக்ல போட்டாலே பேர் இருக்கா போச்சான்னு தெரிஞ்சிரும்.

பாட்டிமாருக்கு: சாலுரான் வயசு வாரியாப் பிரிக்கிறாங்க, மூத்தவங்க சாலுரான் 1. வழக்கமா கீழ்த்தளத்துல இருக்கும், வரிசையும் சின்னது. நீளமான வரிசை கடைசி சாலுரான், அங்கதான் இளவட்டம். அதனால பேரனோட நேரத்துக்குப் பாட்டியக் கூட்டிட்டு வராதீங்க. பாட்டிய காலையில 8 மணிக்குக் கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டுட்டு அப்புறம் பேரன் போய் நிக்கட்டும். வாசல்ல இருக்கிற எஸ்பிஆர் பணியாளர்கிட்ட சக்கர நாற்காலி கேளுங்க. கண்ணு தெரியல, கை நடுங்குதுன்னா துணைக்கு ஒருத்தர் குறிச்சுக் கொடுக்க விதி இருக்கு, உள்ள போன உடனே தலைமை அதிகாரிகிட்ட சொல்லி பாரம் நிரப்பணும். சீட்ட வாங்குன பிறகு சொன்னா குழப்பம். ஐசிய மறக்காதீங்க, தொலைஞ்சிருந்தா ஜேபிஎன்ல தற்காலிகத் தாள் வாங்குறத ஓட்டு நாளுக்கு முன்னாலயே முடிச்சிருங்க.